என் மகளுக்குப் பிண வேடம்

என் மகள் பிணமாகக் கிடப்பதைப் பார்ப்பதற்காக நான் அரை நாள் லீவு போட்டேன்.

தெரியாமல்தான் போட்டேன். பள்ளி ஆண்டு விழா நாடகத்தில் தனக்கு முக்கியமான பார்ட் இருப்பதாக யாழினி சொல்லியிருந்தாள். போரில் சண்டை போட்டுச் செத்த ராஜகுமாரன் என்றாள். எனக்கு ‘சண்டை’யும் ‘ராஜகுமார’னும் காதில் விழுந்தன. நடுவில் இருந்த வார்த்தை விழவில்லை.

திரை விலகியது. மேடை நடுவில் ஓர் உருவம் மல்லாந்து கிடந்தது. உச்சந்தலையிலிருந்து கணுக்கால் வரை வெள்ளை வேட்டி போர்த்தியிருந்தார்கள். பாதங்கள் மட்டும் வெளியே. ஷூ கடித்த இடது கட்டைவிரலில் அன்று காலை நான் ஒட்டிய பிளாஸ்திரி இருந்தது. அதை வைத்துத்தான் என் பெண்ணை அடையாளம் கண்டேன்.

சாயங்காலம் நாலரை மணி இருக்கும். பகலெல்லாம் வாங்கிய வெயிலை எங்கள் ஊர்க் கோட்டை மலையான ராஜகிரிப் பாறை திருப்பிக் கொடுக்கிற நேரம். ஷாமியானா பந்தலுக்குள் பிளாஸ்டிக் நாற்காலி தொடையைச் சுட்டது. அந்தப் புழுக்கத்தில் முகத்தை மூடிக்கொண்டு ஒரு பிள்ளை கிடக்கிறது.

“இன்னாங்க இது, பொணமா கெடக்கிறா?” என்று வீட்டுக்காரரை இடித்தேன்.

“பேசாம இரு. வீடியோ எடுத்துக்கினு இருக்கேன்.”

“பொணத்த இன்னாத்துக்கு வீடியோ எடுக்கிறீங்க?”

“நம்ம பொணமாச்சே” என்றார்.

போன வாரம் இந்தப் பத்தியில், ஊசியைக் கண்டதும் மயங்கி விழும் மீசைக்காரர்களைப் பற்றி எழுதியிருந்தேன். சிரித்தோம் என்று சிலர் சொன்னார்கள். நல்லது. அரசு மருத்துவமனையில் லேப் டெக்னீஷியனாக இருப்பவளுக்குச் சிரிக்கக் கதைகள் நிறைய உண்டு. இந்த வாரம் எழுதுவது அப்படிப்பட்டதல்ல. இதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் காது சூடாகிறது.

மிஸ் கொண்டுவந்த கதை

அது பஜாரை ஒட்டியுள்ள தனியார் பள்ளி. எங்கள் காலனியிலிருந்து அங்கே படிக்கப் போன முதல் நாலைந்து பிள்ளைகளில் யாழினியும் ஒருத்தி. அப்போது ஒன்பதாம் வகுப்பு.

ஆண்டு விழா என்றால் வழக்கமாக சினிமாப் பாட்டுக்கு ஆட்டம், கடைசியில் கொடியைப் பிடித்துக்கொண்டு ஒரு பாரதமாதா. அந்த வருஷம் புதுச்சேரியிலிருந்து பிரிசில்லா என்று ஓர் இங்கிலீஷ் மிஸ் வந்திருந்தார். ஒல்லியாக, சத்தமே வராத செருப்புப் போட்டுக்கொண்டு நடப்பவர். கிரேக்க தேசத்தில் எந்தக் காலத்திலோ எழுதிய ஒரு சோக நாடகத்தை அவரே தமிழில் எழுதினார். பெயர்கள் பிள்ளைகள் வாயில் நுழையவில்லை என்று எல்லாருக்கும் அண்ணன், தங்கை, ராஜா என்றே வைத்துவிட்டார்.

கதை இதுதான். அண்ணன் தம்பி இரண்டு பேர் பட்டத்துக்குச் சண்டை போட்டு இரண்டு பேருமே செத்துப்போகிறார்கள். அடுத்து ராஜாவாக வந்த தாய்மாமன், ஒருவனுக்கு மேளதாளத்தோடு அடக்கம் செய்கிறான். இன்னொருவன் துரோகியாம். அவனை நாயும் நரியும் தின்னட்டும், யாராவது தொட்டுப் புதைத்தால் மரண தண்டனை என்று உத்தரவு போடுகிறான். தங்கை கேட்கவில்லை. போய் அண்ணன் தலையை மடியில் தூக்கி வைத்து, மூன்று கைப்பிடி மண் போடுகிறாள். அதற்காக அவளைக் குகைக்குள் அடைத்துவிடுகிறார்கள்.

இதைக் கேட்டபோது எனக்குக் கிரேக்கம் ஒன்றும் தூர தேசமாகத் தெரியவில்லை. எங்கள் பக்கத்தில் எந்த ஊர்ச் சாவு எந்தப் பாதையில் போகலாம், எந்தப் பாதையில் போகக்கூடாது என்று இன்றைக்கும் உத்தரவு போட ஆள் இருக்கிறது.

அரண்மனைக்குப் பதிலாகப் பின்னால் துணியில் கோட்டைக்குள் இருக்கும் கல்யாண மகால் கட்டடத்தை வரைந்து தொங்கவிட்டிருந்தார்கள். ராஜா தோளில் போட்டிருந்தது யார் வீட்டுச் சோபா உறையோ. ஊர்ப் பெரியவர்களாக எட்டுப் பெண்கள் பஞ்சுத் தாடி ஒட்டிக்கொண்டு வரிசையாக நின்று, “ராஜா சொன்னால் சரியாகத்தான் இருக்கும்” என்று ஒரே குரலில் சொல்வார்கள்.

தங்கையாக நடித்தவள் வர்ஷா. பஜாரில் பெரிய பாத்திரக் கடை அவர்களுடையது. அவள் அம்மா ஹேமாவை எனக்கு நன்றாகத் தெரியும். மாதம் ஒருமுறை வெறும் வயிற்றோடு வந்து, சர்க்கரை பார்க்க என் முன்னால் கையை நீட்டிவந்தவர். நரம்பு சுலபத்தில் கிடைக்காத கை. மற்றவர்கள் குத்தினால் வலிக்கிறது, நீங்களே எடுங்கள் என்று எனக்காகக் காத்திருப்பார்.

ஒரு கைக்குட்டை

கொஞ்சம் பின்னால் போக வேண்டியிருக்கிறது.

நான் நாலாவதோ ஐந்தாவதோ படித்தபோது பள்ளியில் சுதந்திர தினத்துக்குக் கும்மி. பெண்கள் வட்டமாகக் கை கோத்துச் சுற்ற வேண்டும். என் வலப்பக்கம் நின்றவள் கையைப் பின்னால் வைத்துக்கொண்டாள். இடப்பக்கம் நின்றவளும் அப்படியே. சார் பார்த்தார். திட்டவில்லை. தன் சட்டைப்பையிலிருந்து கைக்குட்டையை எடுத்து, “நீ இந்த மொனையப் புடி, அவ அந்த மொனையப் புடிக்கட்டும்” என்றார். இன்னொரு பக்கத்துக்கு யாரோ ரிப்பன் கொடுத்தார்கள்.

பார்த்தவர்களுக்கு அது அழகாக இருந்திருக்கும். கைக்குட்டையும் ரிப்பனும் வைத்துச் செய்த புதுக் கும்மி என்று நினைத்திருப்பார்கள். அந்தக் கைக்குட்டையில் மூக்குப்பொடி வாசனை அடித்தது.

வீட்டுக்கு வந்து நைனாவிடம் சொன்னேன். அவர் அன்று மல்லாட்டை பிடுங்கிவிட்டு வந்திருந்தார். கடலையை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். நகக்கண்ணெல்லாம் செம்மண். கையைக் கழுவிக்கொண்டே கேட்டவர், கடைசியில், “வுடு கண்ணு” என்றார்.

நைனா மேல் எனக்கு எவ்வளவோ பிரியம். ஆனால் அந்த ஒரு வார்த்தையை மட்டும் நான் மன்னித்ததே இல்லை. அவருக்கு வேறு வார்த்தை வைத்திருக்கவில்லை இந்த ஊர் என்பது பிற்பாடு புரிந்தது. புரிந்தாலும் கோபம் போகவில்லை. ஆள் மாறியது, அவ்வளவுதான்.

“தொடாத!”

மேடைக்கு வருவோம்.

வர்ஷா உள்ளே வந்தாள். இடுப்பில் பித்தளைச் செம்பு, அதில் மண். நன்றாக நடித்தாள் என்பதைச் சொல்லியாக வேண்டும். அதுவரை போனைப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள்கூட நிமிர்ந்தார்கள். அண்ணனைத் தேடி மேடையைச் சுற்றினாள். பார்த்தாள். பொத்தென்று மண்டியிட்டாள். ஆனால் ஓர் அடி தள்ளி.

அந்த ஓர் அடி எனக்கு அப்போது உறைக்கவில்லை.

பேசப் பேச அவளுக்கு நிஜமாகவே அழுகை வந்துவிட்டது. வலது கையில் ஒரு பிடி மண். அழுதுகொண்டே முழங்காலால் நகர்ந்து கிட்டே வந்து, இடது கையால் யாழினி முகத்துத் துணியை விலக்கினாள். தலையைத் தூக்கக் குனிந்தாள்.

“வர்ஷா! தொடாத! வூட்ல இன்னா சொல்லி அனுப்பிச்சேன்?”

முன்வரிசையிலிருந்து ஹேமாவின் குரல். மைக்கே தேவைப்படவில்லை. பந்தல் முழுக்கக் கேட்டது.

வர்ஷா திடுக்கிட்டுக் கையை உதறினாள். மண் அப்படியே என் பெண்ணின் முகத்தில் கொட்டியது. மூக்கில், கண்ணில், வாயில். அவள் ஒரு நொடி தாங்கினாள். பிறகு இருமினாள். இருமிக்கொண்டே எழுந்து உட்கார்ந்தாள்.

பிணம் எழுந்து உட்கார்ந்தால் ஜனங்கள் சிரிக்காமல் என்ன செய்வார்கள்? சிரித்தார்கள். விசில் அடித்தார்கள். பிரின்சிபால் கையைக் காட்ட, திரை மூடியது. இரண்டாவது நிமிஷம் எல்.கே.ஜி. குழந்தைகளின் வண்ணத்துப்பூச்சி நடனத்துக்குப் பாட்டுப் போட்டுவிட்டார்கள். குகையும் இல்லை, தண்டனையும் இல்லை. ராஜா வேஷம் போட்ட பெண்ணுக்குப் பேச இருந்த பெரிய வசனம் பேசாமலே போயிற்று.

நான் மேடைக்குப் பின்னால் ஓடினேன். யாழினி கண்ணைக் கசக்கிக்கொண்டு நிற்கிறாள். எதிரே பிரின்சிபால்.

“ஒரு பத்து நிமிஷம் செத்த மாதிரி கெடக்கத் தெரியாதா உனக்கு? மொத்த புரோகிராமும் போச்சு!”

பிரின்சிபால் அறையில்

தண்ணீர் பாட்டிலைச் சாய்த்து அவள் கண்ணைக் கழுவினேன். செம்மண் கரைந்து யூனிபார்ம் காலர் வரை ஓடியது. “ஏன்டி அந்தம்மா தொடாதன்னு கத்துச்சு?” என்று கேட்டேன்.

“வுடும்மா, அப்பால சொல்றேன்.”

“இப்ப சொல்லு.”

சொன்னாள். முதலில் பிணமாக நடித்தவள் நிவேதா என்ற இன்னொரு பஜார் வீட்டுப் பெண். அவளுக்கு அம்மை போட்டுவிட்டதால் யாழினியைப் படுக்கவைத்தார்கள். மறுநாளே ஹேமா பள்ளிக்கு வந்து பிரின்சிபாலைப் பார்த்தார். அதற்கு அடுத்த நாள் வேட்டி வந்தது. தலையை மடியில் வைக்கும் காட்சி போனது. ஓர் அடி தள்ளியிருந்து துணிமேல் மண்ணைப் போட்டால் போதும் என்றார்கள்.

நான் நேராகப் பிரின்சிபால் அறைக்குப் போனேன். வீட்டுக்காரரும் யாழினியும் பின்னால் வந்தார்கள். ஹேமா அங்கேதான் உட்கார்ந்திருந்தார். மூலையில் நாடகத் தாள்களைச் சுருட்டிப் பிடித்தபடி பிரிசில்லா மிஸ்.

என்னைப் பார்த்ததும் ஹேமா எழுந்து சிரித்தார். “தப்பா எடுத்துக்காதீங்க லேப் மேடம். பொணத்தத் தொடுறது அவ ஜாதகத்துக்கு ஆகாதுன்னு ஜோசியர் சொல்லிட்டாரு. அதான். மத்தபடி நாங்க எதுவும் பாக்கறவங்க கெடயாது. நீங்க எங்க வூட்டு மனுஷி மாதிரி.”

நான் வாயைத் திறப்பதற்குள் யாழினி பேசினாள். கோபமே இல்லாமல், கணக்கு ஒப்பிப்பதுபோலப் பேசினாள்.

“ஆண்ட்டி, நிவேதா பொணமா நடிச்சப்ப வர்ஷா மடியிலதான் தூக்கி வெச்சுக்கினா. ஒரு வாரம். அப்ப துணியே கெடயாது. நீங்ககூட ஒரு நாளு ரிகர்சல் பாத்துட்டு சூப்பரா இருக்குதுன்னு சொன்னீங்க.”

ஹேமா உட்கார்ந்துவிட்டார்.

“நிவேதா செத்தா தொடலாம். எம் பொண்ணு செத்தா தொடக் கூடாது. அப்படித்தான?” என்றேன். “உங்க கைய நான் மாசாமாசம் புடிக்கிறேனே, அதுக்கு ஜோசியர் இன்னா சொன்னாரு?”

பிரின்சிபால்தான் இரண்டு கைகளையும் விசிறினார். “மேடம், மேடம். பசங்க விஷயம். பெருசு பண்ணாதீங்க. இதோட விட்டுடுங்க.”

விடு. மறுபடியும் அதே வார்த்தை. கோட் போட்டுக்கொண்டு வந்து நின்றது.

“வுட மாட்டேன் சார். இந்த நாடகத்த மறுபடி போடணும். துணி இல்லாம. முழுசா.”

“அதெப்படி மேடம் முடியும்? விழாவே முடிஞ்சுபோச்சு.”

அப்போதுதான் பிரிசில்லா மிஸ் முன்னால் வந்தார். “தப்பு என்னோடதுதான் மேடம். துணி போர்த்தச் சொன்னாங்க, நானும் சரின்னு போர்த்திட்டேன்.” பிறகு பிரின்சிபால் பக்கம் திரும்பி, “திங்கக்கிழமை முதல் பீரியட் என்னோடது சார். என் பீரியட்ல என் கிளாஸ் பசங்களுக்கு நான் நாடகம் நடத்துறேன். அதை நீங்க வேணாம்னா எழுத்துல குடுத்துடுங்க” என்றார்.

பிரின்சிபால் எழுத்தில் கொடுக்கிற ஆள் இல்லை.

திங்கட்கிழமை

ஒரு மணி நேரம் பர்மிஷன் போட்டுவிட்டுப் போனேன். மைதானத்து ஓரம், கேட்டுக்குப் பக்கத்துப் புங்கமரத்தடி. ஒன்பதாம் வகுப்பு வட்டமாக உட்கார்ந்திருந்தது. பெற்றோர் உள்ளே வரக்கூடாது என்று வாட்ச்மேன் தடுத்ததால் கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

வர்ஷா வரவில்லை. இரண்டு நாளாக அவளை வெளியே விடவில்லை என்று பிள்ளைகள் பேசிக்கொண்டார்களாம். மிஸ் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுத் தானே செம்பை எடுத்துக்கொண்டார். யாழினி வெறும் மண்ணில் மல்லாந்து படுத்தாள். முகத்தில் மரத்து நிழல் ஆடியது.

ஷேர் ஆட்டோ ஒன்று கேட்டருகே நின்றது. வர்ஷா குதித்தாள். பை இல்லை. ஒரு பக்கம் சடை பின்னியிருந்தது, இன்னொரு பக்கம் விரிந்து கிடந்தது.

“ஆண்ட்டி, ஆரம்பிச்சுட்டாங்களா?”

“இப்பதான். எப்படிம்மா வந்த?”

“அம்மா குளிக்கப் போனாங்க. ஓடியாந்துட்டேன்.”

சொல்லிக்கொண்டே மைதானத்தில் ஓடினாள். மிஸ் கையிலிருந்து செம்பை வாங்கினாள். தங்கை மேடைக்கு வரும் வசனத்தையெல்லாம் விட்டுவிட்டு நேராகப் போய் உட்கார்ந்து, என் பெண்ணின் தலையைத் தூக்கி மடியில் வைத்தாள். முடியில் ஒட்டியிருந்த சருகை எடுத்தாள்.

“அண்ணா, எல்லாரும் கேட்கிறார்கள், உனக்கு என்ன கொண்டுவந்தேன் என்று. மண்தான் கொண்டுவந்தேன். என் கையால் கொண்டுவந்தேன்.”

ஒரு பிள்ளைகூடச் சிரிக்கவில்லை. வர்ஷாவின் கண்ணீர் யாழினி கன்னத்தில் விழுந்து காதுப்பக்கம் வழிந்ததை நான் கேட்டிலிருந்தே பார்த்தேன். யாழினி அசையவில்லை.

இதைச் சொன்னால் கேட்பவர்கள் நெகிழ்ந்துபோகிறார்கள். எனக்கு நெகிழ்ச்சி வரவில்லை. கோபம்தான் வந்தது. கூடப் படிக்கும் பெண்ணின் தலையைத் தொடுவது என்ன பெரிய காரியம்? அதற்கு ஒரு பதினாலு வயசுப் பிள்ளை பாதிச் சடையோடு வீட்டை விட்டு ஓடிவர வேண்டியிருக்கிறதே. இதில் நான் எதற்குக் கை தட்ட வேண்டும்?

மாடி வராந்தாவில் பிரின்சிபால் போனை நீட்டிப் படம் எடுத்துக்கொண்டிருந்தார். மிஸ் மேல் புகார் எழுதத்தான் எடுக்கிறார் என்று நினைத்தேன்.

இரண்டாவது மணி அடிப்பதற்குள் ஹேமா வந்துவிட்டார். கேட் வாசலில், என் கண்முன்னால், வர்ஷாவின் கன்னத்தில் அறைந்து ஆட்டோவில் ஏற்றினார். என்னைத் தாண்டித்தான் போனார். நிமிர்ந்து பார்க்கவில்லை. வர்ஷா பார்த்தாள். அவள் அழவில்லை.

அதன் பிறகு ஹேமா என் லேபுக்கு வரவில்லை. வேறெங்கோ கொடுக்கிறார்போல.

பஸ் ஸ்டாண்டில் ஒரு பேனர்

பரீட்சை முடிந்ததும் வர்ஷாவுக்கு டி.சி. வாங்கி, திண்டிவனம் பக்கம் ஏதோ ஹாஸ்டல் பள்ளியில் சேர்த்துவிட்டார்கள். பிரிசில்லா மிஸ்ஸை அடுத்த வருஷம் வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். யாழினியையும் மாற்றிவிடலாமா என்று கேட்டேன். “நான் இன்னா தப்பு பண்ணேன், மாறிப்போறதுக்கு?” என்றாள்.

மே மாசம், டியூட்டிக்குப் போகும் வழியில் பஸ் ஸ்டாண்ட் எதிரே பார்க்கிறேன். ஆள் உயரத்துக்கு ஒரு பேனர். புங்கமரத்தடி. வர்ஷா மடியில் என் பெண்ணின் தலை. ஓரத்தில் பிரிசில்லா மிஸ்ஸின் சேலைத் தலைப்பு. மேலே கொட்டை எழுத்தில், ‘ஏற்றத்தாழ்வு அறியாத எங்கள் கல்விச் சோலை. அட்மிஷன் நடைபெறுகிறது.’

டீக்கடைக்காரர் என்னைப் பார்த்து, “உங்க பொண்ணுதான மேடம்? சூப்பரா இருக்குது” என்றார்.

வீட்டுக்காரருக்குப் போன் போட்டேன். அவர் கரண்ட் ஆபீஸில் லைன்மேன். பக்கத்துத் தெருவில்தான் வேலையாக இருந்தார். ஏணியோடு வந்தார். கொஞ்ச நேரம் அண்ணாந்து பேனரைப் படித்தார்.

“கம்பத்துல கட்டியிருக்கானுங்க” என்றார். “கரண்ட் கம்பத்துல பேனர் கட்டக் கூடாது. அது ரூலு.”

பட்டப்பகலில், பஸ் ஸ்டாண்டே பார்த்துக்கொண்டிருக்க, ஏறி நான்கு முடிச்சையும் நிதானமாக அவிழ்த்தார். அறுக்கவில்லை. கிழிக்கவில்லை. சுருட்டி என் தோளில் வைத்தார்.

அதைத் தூக்கிக்கொண்டு பள்ளிக்குப் போனேன். பிரின்சிபால் மேசையில் இருந்த அட்மிஷன் பாரங்களின் மேல் விரித்தேன்.

“மேடம், நல்ல விஷயத்தத்தானே போட்டிருக்கோம்? உங்க பொண்ணுக்கும் பெருமைதானே?”

வர்ஷாவின் முகத்தில் விரலை வைத்தேன். “இந்தப் பொண்ணு இப்ப எங்க சார்?”

“அவங்க டி.சி. வாங்கிட்டாங்க மேடம். அது அவங்க குடும்ப விஷயம்.”

விரலைச் சேலைத் தலைப்புக்கு நகர்த்தினேன். “இந்த மிஸ்ஸு?”

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்து முடித்து மாட்டிக்கொண்ட பிறகும் பேனரைப் பார்க்கவில்லை.

“யாழினி இங்கயேதான் கன்டினியூ பண்றாளா மேடம்?” என்று கேட்டார். குரலில் ஒரு நப்பாசை இருந்தது. அவளும் டி.சி. வாங்கிக்கொண்டு போய்விட்டால் நல்லது என்ற நப்பாசை.

“பண்றா சார்” என்றேன். “அடுத்த வருஷமும் ஆண்டு விழா வருது இல்ல?”